6 மில்லிமீட்டர் வைத்தால் 8 வெட்டுகிறதா? ரூட்டர் மெஷினின் ஆழம் மாறுவது ஏன்?

கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் வீட்டில் முதலில் திட்டு வாங்குபவர் தச்சர்தான். "கை சுத்தம் இல்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆனால், கீல் பதிக்க வெட்டிய பள்ளம் ஒரு மில்லிமீட்டர் ஆழமாகிப் போனதற்குக் காரணம் பல நேரம் அவருடைய கை அல்ல. அந்தக் கை பிடித்திருந்த மெஷினுக்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று நழுவியிருக்கும்.

ரூட்டர் மெஷின் இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையை ஒட்டிய கிராமங்களில் நடந்தாலே அதன் விர்ரென்ற சத்தம் காதில் விழும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கிறது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். கடுவெளிச் சித்தரின் பாட்டால் லிங்கம் வெடித்தது என்று இங்கே தலபுராணம் சொல்வார்கள். பக்கத்திலேயே ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட அந்த நகரத்தின் கட்டட வேலைகளும் மரவேலைப் பட்டறைகளும் சுற்றியுள்ள கிராமத்து இளைஞர்கள் பலருக்குத் தொழில் கற்றுத் தந்தன. உளியும் இழைப்புளியும் மட்டுமே இருந்த கைகளுக்கு மின்சாரக் கருவிகள் பழகின.

அப்படிப் பழகிய கருவிகளில் அதிகம் உழைப்பதும், அதிகம் ஏமாற்றுவதும் ரூட்டர்தான். காடி எடுக்க, கீல் பதிக்க, விளிம்பை உருட்ட, எழுத்துச் செதுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் ஒரு சிறிய பிட், நாம் சொன்ன ஆழத்தில் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது? எங்கே பார்ப்பது? வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. சாதாரண வீட்டுக் கதவுக்குப் போடும் கீலின் இலை சுமார் 2.5 முதல் 3 மி.மீ. கனம் இருக்கும். பள்ளமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவு கீல் பக்கம் இறுகிக்கொள்ளும். சாத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாகத் திறக்கும். ஆழம் குறைந்தால் கீல் பக்கம் இடைவெளி விழும். எதிர்ப்பக்கம் சட்டத்தில் உரசும்.

சமையலறை அலமாரிகளில் இன்னும் ஆபத்து. மறைவுக் கீலின் கிண்ணம் 35 மி.மீ. விட்டம் கொண்டது. அதற்குச் சுமார் 12 மி.மீ. ஆழத்தில் குழி வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் அதற்குக் கீழே மிஞ்சுவது வெறும் 6 மி.மீ. 16 மி.மீ. பலகையென்றால் 4 மி.மீ. தான். பிட் கொஞ்சம் இறங்கினாலும் வெளிப்பக்கத்து மைக்கா உப்பிவிடும், அல்லது ஓட்டையே விழும். அந்தக் கதவு அவ்வளவுதான். அந்தப் பலகையின் விலை பெரும்பாலும் அன்றைய கூலியிலிருந்துதான் கழியும்.

அதனால் இது மெஷின் பிரியர்களின் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. தினக்கூலிக்கு வேலை பார்ப்பவரின் பையையும், வீடு கட்டுபவரின் பொறுமையையும் தொடும் கேள்வி.

முதல் கேள்வி: கூடுகிறதா, குறைகிறதா?

ஆழம் தவறினால் உடனே மெஷினைக் கழற்ற வேண்டாம். முதலில் ஒரு சோதனை. சமமான எம்.டி.எஃப். துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடி நீளம் போதும். அதை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ரூட்டரில் 5 மி.மீ. ஆழம் வைத்து, ஒரே ஓட்டமாக ஒரு காடி எடுங்கள். பிறகு வெர்னியர் காலிப்பரின் வால் கம்பியை விட்டு, காடியின் ஆழத்தை ஐந்து இடங்களில் அளந்து, பென்சிலால் அங்கேயே எழுதுங்கள்.

அந்த ஐந்து எண்களும் நோயைச் சொல்லிவிடும்.

எண்கள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், பிட் பிடியிலிருந்து நழுவிக் கீழே இறங்குகிறது.

ஓரிடம் வரை சரியாக இருந்து திடீரென்று குறைந்தால், மெஷினை அழுத்தி நிறுத்தும் பூட்டு விட்டுப்போயிருக்கிறது.

ஏறியும் இறங்கியும் தாறுமாறாக இருந்தால், அடித்தட்டுக்குக் கீழே தூசியோ பலகையில் வளைவோ இருக்கிறது.

ஐந்தும் ஒன்றுபோல் இருந்து, ஆனால் 5-க்குப் பதில் 6 என்று காட்டினால், மெஷினில் கோளாறே இல்லை. ஆழம் வைத்த முறைதான் தவறு.

இந்தப் பிரிவினை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இனி ஒவ்வொன்றாக.

பிட் ஏன் நழுவுகிறது?

ரூட்டரில் பிட்டைப் பிடித்திருப்பது காலெட். பிளவுகள் கொண்ட ஒரு சிறிய உலோகக் குழல் அது. மேலிருக்கும் நட்டை இறுக்கும்போது, கூம்பு வடிவப் பள்ளத்துக்குள் காலெட் இழுக்கப்படும். அப்போது அதன் பிளவுகள் சுருங்கி பிட்டின் காம்பைக் கவ்வும். இவ்வளவுதான் தத்துவம். இந்தக் கவ்வல் தளர்ந்தால் பிட் நழுவும்.

நம் ஊரில் இதற்கு முதல் காரணம், அளவுக் குழப்பம். கடையில் 6 மி.மீ. காம்பு பிட்டும் கிடைக்கிறது, கால் அங்குலக் காம்பு பிட்டும் கிடைக்கிறது. கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 6 மி.மீ. பிட்டைக் கால் அங்குலக் காலெட்டில் போட்டால் நட்டும் இறுகும், மெஷினும் ஓடும். ஆனால், பிடி முழுசாக இருக்காது. அதேபோல 12 மி.மீ. காம்பும் அரை அங்குலக் காம்பும். அரை அங்குலம் 12.7 மி.மீ. காலெட்டின் மீது எழுதியிருக்கும் அளவையும் பிட் காம்பின் அளவையும் வெர்னியரால் ஒரு முறை சரிபார்த்துவிடுவது நல்லது. கொஞ்சம் நழுவினால் ஆழம் கெடும். முழுதாகக் கழன்று பறந்தால் ஆளே காயப்படுவார்.

இரண்டாவது காரணம், பிட்டை அடிமட்டம் வரை அழுத்திச் செருகுவது. "முழுசா உள்ளே போனால்தானே பலம்?" என்று தோன்றும். உண்மை வேறு. நட்டை இறுக்கும்போது காலெட் பிட்டையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஏற்கெனவே அடியில் முட்டிக்கொண்டிருந்தால் இழுக்க இடம் இருக்காது. நட்டு இறுகிய மாதிரி காட்டும், ஓடும்போது தளரும். அதனால் முழுதாகச் செருகிவிட்டு 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து, பிறகு இறுக்க வேண்டும். காம்பு முடிந்து வெட்டும் பகுதி தொடங்கும் இடத்தில் இருக்கும் சிறு வளைவு காலெட்டுக்குள் போகக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

அதே நேரம், ஆழம் போதவில்லை என்று பிட்டை நுனியில் மட்டும் பிடிக்கவைத்து ஓட்டுவதும் ஆபத்து. காம்பின் நீளத்தில் முக்கால் பங்காவது காலெட்டுக்குள் இருக்கட்டும். போதவில்லை என்றால் நீளமான பிட் வாங்குவதுதான் வழி.

மூன்றாவது, அழுக்கு. தேக்கு, வேம்பு போன்ற மரங்களின் எண்ணெய்ப் பசையும், பிளைவுட்டின் பசைத் தூளும் காலெட்டின் பிளவுகளில் படிந்து சூட்டில் இறுகிவிடும். காலெட்டைக் கழற்றி, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் விட்டால் பிடி வழுக்கும். பிட் இல்லாமல் நட்டை மட்டும் இறுக்கி வைக்கும் பழக்கமும் கூடாது. காலெட் அளவுக்கு மீறிச் சுருங்கி, வடிவம் கெட்டுவிடும்.

பிட்டின் காம்பைப் பாருங்கள். கறுத்த வளையங்களோ கீறல்களோ தெரிந்தால் அது ஏற்கெனவே நழுவிச் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம். சுத்தம் செய்த பிறகும் அந்தத் தடம் புதிதாக வந்தால் காலெட் தேய்ந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. காலெட் தேயும் பொருள். ஆயுள் முழுக்க வரும் பொருள் அல்ல. அதன் விலையைவிட ஒரு தேக்குப் பலகையின் விலை அதிகம்.

நழுவுகிறதா என்று சந்தேகமா? பிட் காலெட்டிலிருந்து வெளிவரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு காடி எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் குற்றவாளி பிட்தான்.

சுருள் பிட்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தூளை மேல்நோக்கித் தள்ளும் சுருள் பிட், சுத்தமாகக் காடி எடுக்கும். ஆனால், திருகு மரத்துக்குள் இறங்குவது போல அது தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். காலெட் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் ஆழம் கூடிக்கொண்டே போவது இந்த வகை பிட்டில்தான் அதிகம் தெரியும்.

பூட்டும் கம்பியும்

பிளஞ்ச் ரூட்டரில் இரண்டு தூண்கள் இருக்கும். உள்ளே ஸ்பிரிங். மோட்டாரைக் கீழே அழுத்தி, லீவரைப் போட்டால் அங்கேயே நிற்க வேண்டும். லீவர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங் மோட்டாரை மேலே தள்ளும். ஆழம் குறையும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரை அழுத்திப் பூட்டி, மெஷினை மேஜைமேல் தட்டித் தட்டிப் பாருங்கள். ஏறினால் பூட்டுத் தளர்வு. பல மாடல்களில் லீவரைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினாலே இறுக்கம் திரும்பிவிடும். மெஷினோடு வந்த கையேட்டில் அதற்குப் படம் இருக்கும்.

கடற்கரைப் பக்கத்து ஊர்களில் இன்னொரு தொல்லை, துரு. இரும்பையிலிருந்து வங்கக்கடல் தூரமில்லை. உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்து ரூட்டரின் தூண்களில் மெல்லிய துருவைப் படியவைக்கும். மோட்டார் வழுக்கிக்கொண்டு இறங்காமல், ஒட்டி ஒட்டி இறங்கும். முழுதாக இறங்கிவிட்டது என்று நினைத்துப் பூட்டியிருப்பீர்கள். அது இன்னும் ஒரு மில்லிமீட்டர் மேலேயே நின்றிருக்கும். தூண்களைத் துடைத்து, உலர்ந்த மெழுகோ, ஈரமில்லாத சிலிக்கான் ஸ்பிரேயோ லேசாகப் பூசினால் போதும். கிரீஸ் பூசினால் மரத்தூள் அதிலேயே ஒட்டிக் களிம்பாகிவிடும்.

அடுத்தது ஸ்டாப் கம்பி. மோட்டார் எவ்வளவு இறங்க வேண்டும் என்று நிர்ணயிப்பது இதுதான். கீழே, படிப்படியாக உயரம் கொண்ட திரும்பும் மேடை ஒன்று இருக்கும். கம்பி அந்த மேடையில் முட்டியதும் இறக்கம் நிற்கும். கம்பியைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்திருந்தால், ஒவ்வொரு முட்டலிலும் கம்பி கொஞ்சம் மேலே ஏறும். பள்ளம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஆழமாகும். பத்துக் கீல் பள்ளங்கள் வெட்டினால் பத்தாவதுக்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மேடையின் மீது மரத்தூள் படிந்திருந்தால் கதை தலைகீழ். கம்பி தூளின் மேல் முட்டி நிற்கும், ஆழம் குறையும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் அந்த இடத்தை ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடுவது நல்ல பழக்கம்.

அளவுகோலை நம்பாதீர்கள்

எண்கள் ஒன்றுபோல் வந்து, மொத்தமாகத் தவறியிருந்தால்? அப்போது தவறு தொடக்கப் புள்ளியில்.

மெஷினில் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்கேலை வைத்து ஆழம் வைப்பது கண்துடைப்பு வேலை. அதன் கோடுகள் தடிமனானவை. பார்க்கும் கோணம் மாறினாலே அரை மில்லிமீட்டர் மாறும். பழகிய தச்சர்கள் செய்யும் எளிய வழி இது.

பிளக்கைப் பிடுங்குங்கள். மெஷினைச் சமமான பலகைமேல் வையுங்கள். பிட்டின் நுனி பலகையைத் தொடும் வரை மோட்டாரை இறக்கிப் பூட்டுங்கள். மேடையின் தாழ்ந்த படியைக் கம்பிக்கு நேராகத் திருப்புங்கள். இப்போது 6 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால், ஒரு 6 மி.மீ. டிரில் பிட்டின் காம்பைப் படுக்கவைத்து, கம்பியை அதன்மேல் இறக்கித் திருகை இறுக்குங்கள். டிரில் பிட்டை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் ஆழம். ஸ்கேலைப் பார்க்கவே தேவையில்லை.

கீலுக்கு இன்னும் எளிது. டிரில் பிட்டுக்குப் பதில் அந்தக் கீலின் இலையையே இடையில் வையுங்கள். கீல் எவ்வளவு கனமோ, அவ்வளவு பள்ளம். அளவு எடுக்கவே வேண்டாம் என்பதால் அளவுப் பிழைக்கும் இடமில்லை.

டெம்ப்ளேட் வைத்து வெட்டுபவர்கள் மறப்பது ஒன்று உண்டு. மெஷின் உட்காருவது மரத்தின் மேல் அல்ல, டெம்ப்ளேட்டின் மேல். டெம்ப்ளேட் 6 மி.மீ. கனம், மரத்தில் 10 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால் மெஷின் 16 மி.மீ. இறங்க வேண்டும். பிட்டின் நுனியை மரத்தில் தொடவைத்துத் தொடக்கப் புள்ளி எடுத்தால் இந்தக் கூட்டல் தானாகவே சரியாகிவிடும். டெம்ப்ளேட்டை மேலே வைத்து, அதன் ஓட்டை வழியாகப் பிட்டை மரம் வரை இறக்கி, அங்கிருந்து கணக்குத் தொடங்குங்கள்.

பலகை செய்யும் துரோகம்

சில நேரம் மெஷின் சரி, முறை சரி. மரம்தான் நேராக இல்லை.

மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை கிண்ணம் போல வளையும். குழிந்த பக்கத்தில் ரூட்டரை ஓட்டினால் அடித்தட்டு இரண்டு ஓரங்களிலும் உட்கார்ந்து நடுவில் தொங்கும். நடுப்பகுதியில் காடி ஆழம் குறையும். புடைத்த பக்கத்தில் ஓட்டினால் மெஷின் ஊஞ்சலாடும். ஆரோவில் பகுதியில் காடு வளர்த்தபோது நடப்பட்ட கத்திச்சவுக்கு மரம் இன்று நாற்காலியாகவும் மேஜையாகவும் மாறுகிறது. எந்த மரமாக இருந்தாலும் நன்றாகக் காயவைத்து, இழைத்துச் சமமாக்கிய பிறகே ரூட்டரை வைக்க வேண்டும். நேரான மட்டப்பலகையை மேலே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

விளிம்பில் வெட்டும்போது மெஷினின் பாதி உடம்பு அந்தரத்தில் நிற்கும். கை கொஞ்சம் சாய்ந்தால் அந்த இடத்தில் ஆழம் மாறும். அதே கனத்தில் இன்னொரு பலகையைப் பக்கத்தில் வைத்து மெஷினுக்குத் தாங்கல் கொடுங்கள். அகலமான பள்ளம் எடுக்கும்போதும் இதே பிரச்னை. நடுவில் இருந்த மரத்தை முழுதாக எடுத்துவிட்டால் மெஷின் பள்ளத்துக்குள் சரியும். நடுவில் தீவு போலக் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்து, அதைக் கடைசியில் எடுக்கலாம். அல்லது அகலமான அக்ரிலிக் தட்டு ஒன்றை மெஷினின் அடியில் மாட்டிக்கொள்ளலாம்.

அகலமான பள்ளத்தின் அடியில் படிப்படியாகக் கோடுகள் தெரிகிறதா? அடித்தட்டு பிட்டுக்குச் செங்குத்தாக இல்லை. தட்டின் திருகுகளைத் தளர்த்தி, அடியில் சிக்கியிருக்கும் தூளைத் துடைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் வெட்டாதீர்கள்

அவசரமும் ஆழத்தைக் கெடுக்கும். 12 மி.மீ. காடியை ஒரே ஓட்டத்தில் எடுக்க முயன்றால் பிட் அதிரும். அந்த அதிர்வுதான் காலெட்டையும், பூட்டையும், கம்பியையும் ஒன்றாகத் தளர்த்துகிறது. கடின மரத்தில் ஒரு ஓட்டத்துக்குப் பிட்டின் விட்டத்தில் பாதி அளவு ஆழம் பாதுகாப்பானது. 6 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. அப்படி நான்கு ஓட்டத்தில் 12 மி.மீ. வந்துவிடும். ஸ்டாப் மேடையில் படிகள் வைத்திருப்பதே இதற்குத்தான்.

மழுங்கிய பிட்டும் அப்படியே. கூர் போனால் வெட்டாது, தேய்க்கும். கை தானாக அழுத்தத்தைக் கூட்டும். மரம் கருகும் வாசனை வந்தால் அழுத்துவதை நிறுத்திப் பிட்டைப் பாருங்கள். பெரிய பிட்டை வேகமாகவும் ஓட்டக் கூடாது. 50 மி.மீ. விட்டமுள்ள பிட்டுக்கு நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவே போதும்.

தலைகீழாக மாட்டியவர்களுக்கு

ரூட்டரை மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டி வேலை செய்பவர்களுக்குக் கணக்கு மாறும். அங்கே மோட்டாரின் எடை பிட்டைக் கீழே இழுக்கும். பூட்டுத் தளர்ந்தால் பிட் மேஜைக்குள் இறங்கி, ஆழம் குறையும். உயரம் வைக்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிப்போனால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். அப்போதுதான் திருகின் புரிகளில் இருக்கும் தளர்வு எடையால் மூடப்பட்டிருக்கும். பலகையை மேஜையோடு அழுத்திப் பிடிக்கும் சீப்புப் பலகை ஒன்றையும் பொருத்தினால், பலகை எழும்பி ஆழம் குறைவது நிற்கும்.

கம்ப்யூட்டர் ரூட்டரும் தப்பாது

பூஜை அறைக் கதவில் மணி, மாவிலை, மயில் எல்லாம் இன்று சி.என்.சி. ரூட்டர் செதுக்குகிறது. விழுப்புரத்திலிருந்து 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம், 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. உளியால் செதுக்கும் அந்தச் சிற்பி, ஆழத்தைக் கைவிரலால் தடவியே அறிந்துகொள்வார். சி.என்.சி.க்கு விரல் கிடையாது. 'இதுதான் பூஜ்ஜியம்' என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அங்கே தவறுகள் இப்படி வரும். பிட்டை மாற்றிவிட்டுப் பூஜ்ஜியத்தை மறுபடி எடுக்க மறப்பது முதலாவது. புதுப் பிட் பழையதைவிட 4 மி.மீ. நீண்டிருந்தால் பள்ளமும் 4 மி.மீ. ஆழமாகும். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 17.5 ஆக இருக்கலாம் என்பதை மறப்பது இரண்டாவது. ஊடுருவ வெட்டுவதற்கு மேஜைப் பரப்பையும், மேலே செதுக்குவதற்குப் பலகையின் மேற்பரப்பையும் பூஜ்ஜியமாக எடுப்பது நல்லது. மூன்றாவது, நடுவில் உப்பிய பலகை. கைமெஷின் உப்பலோடு ஏறி இறங்கும், சி.என்.சி. ஏறாது. உப்பிய இடத்தில் ஆழம் கூடிவிடும். நான்காவது, அளவுக்கு மீறிய வேகம். மோட்டார் திணறி எண்ணிக்கையைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு வரும் வெட்டு எல்லாமே தவறும்.

கைகளை மறக்காதீர்கள்

பிட்டைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்குவது கட்டாயம். சுவிட்சை அணைத்தால் போதாது. கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். ரூட்டரின் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகும். பல வருடம் கேட்டால் காது மந்தமாகும். மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எம்.டி.எஃப். வெட்டும் இளைஞர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பலகையின் வெளி விளிம்பில் வெட்டும்போது, விளிம்பை எதிர்நோக்கி நின்று இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும்.

நல்ல மெஷின் வாங்க முடியவில்லையே என்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மரவேலை உட்பட 25 தொழில்களுக்குக் கடனும், 25 சதவிகித மானியமும் உண்டு. மானியம் அதிகபட்சம் 50,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

வேலை நடக்கும்போது தச்சர் வீணான துண்டு ஒன்றில் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், "நேரத்தைப் போக்குகிறாரே" என்று நினைக்காதீர்கள். உங்கள் கதவுப் பலகையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கும் கூலியில் இடம் கொடுங்கள். பிளைவுட் வெட்டி மிஞ்சும் துண்டுகளை அடுப்புக்கு அனுப்பாமல், வேலை முடியும் வரை ஓர் ஓரமாக அடுக்கிவைக்கச் சொல்லுங்கள்.

தச்சருக்கு ஒரு சின்னப் பட்டியல். காலையில் மெஷினை எடுத்ததும் செய்ய வேண்டியவை இவை: காலெட்டைத் துடைப்பது, பிட் காம்பில் கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது, பூட்டை அழுத்திப் பார்ப்பது, கம்பியின் திருகை இறுக்குவது, வீண் துண்டில் ஒரு காடி எடுத்து வெர்னியரால் அளப்பது. ஐந்தும் சேர்த்து ஒரு டீ குடிக்கும் நேரம்தான். அளந்த எண்ணை அந்தத் துண்டிலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஏதாவது ஒரு பள்ளம் தவறினால், காலையில் மெஷின் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.